அமைப்பு அப்படி

தொண்ணூறுகளின் இறுதியில் கணினி பழகியவர்களுக்கு அந்த வரி நினைவிருக்கும். விண்டோஸ் 95, 98 ஓடிய கணினிகளில் வேலையை முடித்து மூடச் சொன்னால் திரை கறுத்துவிடும். நடுவில் ஆரஞ்சு நிற எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வரும். இனி நீங்கள் உங்கள் கணினியைப் பாதுகாப்பாக நிறுத்தலாம் என்பது அதன் பொருள். அதற்கு மேல் எதுவும் நடக்காது. உள்ளே காற்றாடி சுற்றிக்கொண்டே இருக்கும். யாராவது எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினால்தான் ஓயும்.

இந்த வாக்கியத்தை நான் கணினியைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் கேட்டிருக்கிறேன். "நான் படுக்கறேன், நீ எல்லாத்தையும் பாத்து நிறுத்திட்டு வா." எங்கள் வீட்டில் சொல்பவர் அப்பா. நிறுத்துபவர் அம்மா. உங்கள் வீட்டிலும் பெயர்கள்தான் வேறாக இருக்கும்.

வேலை முடிந்தது என்று ஒருவர் அறிவித்துவிட்டு விலகிக்கொள்வதற்கும் வேலை உண்மையிலேயே ஓய்வதற்கும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை நடப்பவர் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் ஊரில், அம்மா வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் இருந்த ஒரு பழைய கணினி.

*

எங்கள் ஊர் தளவானூர். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இங்கே வருவது குடைவரையைப் பார்க்க. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் அது. சத்ருமல்லன் என்பது அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. கல்வெட்டில் அரசனின் பெயர் இருக்கிறது. உளி பிடித்தவர்களின் பெயர் இல்லை. அவர்களுக்குச் சோறு கொண்டுபோனவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மற்றபடி மல்லாட்டையும் நெல்லும் கரும்பும் போடுகிற, மழையை நம்பியும் மோட்டாரை நம்பியும் வாழ்கிற ஊர்.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ய வாங்கிய கணினி அது. பென்டியம் 3. கடையில் உதிரிபாகங்களைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்தது. பட்டம் வாங்கி, வேலை கிடைத்து, திருமணமாகி, மடிக்கணினிக்கு மாறிய பிறகு அது அம்மா வீட்டுக்குப் போனது. பழைய எழுத்துருவில் அடித்த குறிப்புகள் அதில் இருந்ததால் எடைக்குப் போட மனம் வரவில்லை. பிறகு அதற்கு வேறொரு பயன் வந்தது. தெருவில் மூன்று பெண் பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சு பழக வந்தார்கள். 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையை அவர்களுக்கு ஒரு விடுமுறையில் சொல்லிக்கொடுத்தேன். பிறகு அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருத்திக்கு அரசின் விலையில்லா மடிக்கணினி கிடைத்திருந்தது. 2011இல் தொடங்கிய திட்டம் அது. எத்தனையோ பெண்கள் முதன்முதலில் தம் பெயரில் பெற்ற விலையுள்ள பொருள் அந்த மடிக்கணினியாகத்தான் இருக்கும். ஆனால் பெயர் ஒன்று, கை ஒன்று. அவளுடையது பெரும்பாலும் அவள் அண்ணனிடம் இருந்தது. படம் பார்க்க, பாட்டு ஏற்ற. அதனால் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து பழைய பெட்டியில் அடித்தாள். அந்தப் பெட்டிக்குப் போட்டியிட எந்த அண்ணனும் வரவில்லை. அது பழசாக இருந்ததே அந்தப் பிள்ளைகளுக்குக் காப்பாக இருந்தது.

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. என் மாணவி ஒருத்தி அந்தக் கணினியில் லினக்ஸ் வகை ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். எல்லாம் நன்றாக ஓடியது, ஒன்றைத் தவிர. மூடச் சொன்னால் கோப்புகளை மூடும், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் தான் நின்றுவிட்டதாக எழுதும், ஆனால் நிற்காது. பொத்தானை நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால்தான் அணையும்.

பிள்ளைகள் ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்க வேண்டும். மூடச் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். மிச்சத்தை அம்மா பார்த்தார். அடுப்பில் உலை இருக்கும்போதே இரண்டு முறை எட்டிப் பார்த்து, எழுத்து நகர்வது நின்றதும் பொத்தானை அழுத்தி "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணுவார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்து ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, நின்றால் முடிந்தது என்று அவரே கண்டுபிடித்துக்கொண்டார். விளக்கை அணைத்தேன் என்று எங்கள் வீட்டில் சொல்லமாட்டார்கள். குளிர வைத்தேன் என்பார்கள். அம்மா கணினியையும் குளிர வைத்தார்.

"வேல முடிஞ்சிருச்சின்னு அதே எழுதிப்புடுது. அப்புறம் இன்னாத்துக்கு முழிச்சிகினு கெடக்குது?" என்று ஒருநாள் தொலைபேசியில் கேட்டார். அதைவிடச் சரியாக யாரும் அந்தப் பழுதை விவரித்திருக்க முடியாது.

*

அம்மா மல்லாட்டை ஆய்ந்துவிட்டு அசதியில் தூங்கிப்போன இரவுகளில் அது விடிய விடிய ஓடியது. திரையும் பெட்டியும் சேர்ந்து எழுபது வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் பத்து மணி நேரத்துக்கு முக்கால் யூனிட் அளவுக்குப் போகும். தினமும் இப்படி என்றால் இரண்டு மாதக் கணக்கில் நாற்பது யூனிட்டைத் தாண்டும். நடுராத்திரியில் கரண்டு போனால் யுபிஎஸ் கத்தத் தொடங்கும். பாட்டி விழித்துக்கொள்வார். படுத்த படுக்கையாக இருந்த பாட்டி விழித்தால் அம்மாவுக்கு அன்று தூக்கம் இல்லை.

மின்கட்டணம் கட்டுகிற அண்ணன் சொன்னார்: "காயலான் கடையில போடு. பழசுன்னா அப்படித்தான் இருக்கும். அதோட அமைப்பு அது."

தொலைபேசியில் கேட்ட பழுதுபார்ப்பவர், நான் சொல்வதைப் பாதியிலேயே நிறுத்தி, "வீட்ல சார் இருந்தா போனைக் குடுங்க மேடம்" என்றார். சார் இல்லை, கணினி என்னுடையது என்றேன். "அப்படின்னா புதுசு வாங்கிடுங்க. பழசு அப்படித்தான் இருக்கும்" என்றார். இருவரும் சொல்லிவைத்தாற்போல ஒரே தீர்ப்பு. இருவருமே பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

தமிழ் படித்தவளுக்கு அமைப்பு என்ற சொல் லேசில் விடாது. ஜாதகத்தில் அமைப்பு என்றால் விதி. "அவளுக்கு அமைப்பு இல்லை" என்றால் அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. சமூகவியல் வகுப்பில் அமைப்பு என்றால் மனிதர்கள் கட்டிய ஒழுங்கு. கணினித் தமிழில் அமைப்புகள் என்றால் நாம் திறந்து மாற்றக்கூடிய தேர்வுகளின் பட்டியல். ஒரே சொல் மூன்று இடத்தில் நிற்கிறது: மாற்ற முடியாதது, சேர்ந்து போராடி மாற்ற வேண்டியது, இப்போதே கைவைத்து மாற்றக்கூடியது. அதிகாரம் செய்கிற தந்திரம், மூன்றாவதையும் இரண்டாவதையும் முதலாவதாகக் காட்டுவது. அண்ணன் தந்திரம் செய்யவில்லை. அவர் அந்தச் சொல்லை எங்கள் பாட்டியிடமிருந்து கற்றிருந்தார்.

கணினி இருந்தால் பிள்ளைகள் வருவார்கள். எடைக்குப் போனால் மூன்று பேரும் சாயங்காலத்தில் வீட்டோடு அடைவார்கள். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். மடிக்கணினிக்காரப் பெண் அதை அண்ணனிடமிருந்து ஒருநாளைக்கு மீட்டுக்கொண்டு வந்திருந்தாள். தேடிப் படிக்க அது, திறந்து பார்க்க இது என்று இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டோம்.

*

தானாக அணையாத பழைய கணினியிடம் முதலில் கேட்க வேண்டியது இது: இதற்கு அணைய முடியாதா, அல்லது இதனிடம் யாரும் அணையச் சொல்லவில்லையா?

இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே வேறு வேறு. தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை வந்த ஏடி வகைக் கணினிகளில் முன்பக்கப் பொத்தான் வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்ச் போன்றது. அழுத்தினால் உள்ளே போய் நிற்கும், மறுபடி அழுத்தினால் வெளியே வரும். எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து தடித்த கேபிள் நேரே அந்தப் பொத்தானுக்கு வரும். வீட்டு மின்சாரம் அதன் வழியேதான் போகும். கையால் தொட்டால் ஒழிய அது அணையாது. எந்த மென்பொருளைப் போட்டாலும், எவ்வளவு கெட்டிக்காரர் வந்தாலும் அணையாது. கட்டளை போய்ச்சேர வழியே இல்லை.

1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் முறையில் இது மாறியது. பொத்தானிலிருந்து மெல்லிய இரண்டு ஒயர்கள் மட்டும் மதர்போர்டுக்குப் போகும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் இணைப்பில் ஊதா நிற ஒயர் ஒன்று உண்டு. கணினி அணைந்திருக்கும்போதும் அதில் ஐந்து வோல்ட் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், விழித்திருக்கும் ஒரு காது மாதிரி. பச்சை ஒயர் ஒன்று உண்டு. மதர்போர்டு அதைக் கறுப்பு ஒயரோடு, அதாவது பூமி இணைப்போடு சேர்த்துப் பிடித்திருக்கும்வரை கணினி ஓடும். பிடியை விட்டால் அணையும். ஆக, ஏடிஎக்ஸ் கணினி தானாக அணைவதற்குத் தேவை ஒன்றுதான்: மென்பொருளின் சொல் பச்சை ஒயர்வரை போய்ச்சேர வேண்டும்.

போய்ச்சேர இரண்டு மொழிகள் உண்டு. 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்த ஏபிஎம். 1996இல் தோஷிபாவும் அவர்களோடு சேர்ந்து கொண்டுவந்த ஏசிபிஐ. மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் அடிப்படை நிரலும் நாம் நிறுவும் இயங்குதளமும் இரண்டில் ஏதாவது ஒன்றைப் பொதுவாகப் பேச வேண்டும். எக்ஸ்பி ஓடும் பழைய கணினிகளில் கன்ட்ரோல் பேனலில் மின்சாரத் தேர்வுகளுக்குள் போய், ஏபிஎம் என்ற தாளைத் திறந்து, ஒரு கட்டத்தில் குறியிட்டால் பல சமயம் போதும். அந்தத் தாளே தென்படாவிட்டால் முதலில் பயாஸுக்குள் போய் மின்மேலாண்மை முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சுவர் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றினோம். தூசியும் இரண்டு பல்லி முட்டையும் இருந்தன. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். மற்றதைப் பார்க்கப் பயப்பட ஒன்றுமில்லை. பொத்தானிலிருந்து மெல்லிய இரண்டு ஒயர்கள். இருபது துளை இணைப்பு ஒன்று. அதில் ஊதாவும் பச்சையும். பிள்ளை விரல் வைத்துக் காட்டினாள். இதற்கு அணைய முடியும். முன்பு விண்டோஸில் அணைந்தும் இருக்கிறது. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை? லினக்ஸ் கண்விழிக்கும்போது தான் பார்த்ததையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வரும். அந்தக் குறிப்பேட்டைத் திறந்து ஏசிபிஐ என்ற சொல் வரும் வரிகளைத் தேடினோம். ஒரு வரியில் இருந்தது பதில். இந்த பயாஸின் ஆண்டு 2000, நான் ஏற்கும் வரம்பு 2001, ஆகவே ஏசிபிஐ முடக்கப்படுகிறது, வேண்டுமென்றால் கட்டாயப்படுத்துங்கள். ஆங்கிலத்தில் வரம்பு என்பதற்கு அது பயன்படுத்திய சொல் கட்ஆஃப். பிளஸ் டூ முடித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு சொல்லை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

"அத்த, இத கட்ஆஃப்ல தூக்கிட்டானுங்க" என்றாள்.

நடந்தது அதுதான். அந்தக் காலத்து பயாஸ்கள் பலவற்றில் ஏசிபிஐ அரைகுறையாக எழுதப்பட்டிருந்தது. அவற்றை நம்பினால் கணினி உறைந்துபோகக்கூடும். ஆகவே ஓர் ஆண்டைக் குறித்து, அதற்கு முன் பிறந்தவற்றைச் சோதிக்காமலே ஒதுக்கும் விதியைச் சில பதிப்புகளில் வைத்திருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் வைத்த விதி இல்லை. பாதுகாப்புக்காக வைத்தது. எங்கள் பிள்ளைகளை ஆறு மணிக்கு வீட்டுக்குள் அழைப்பதும் பாதுகாப்புக்காகத்தான். நாற்பது வயதுக்குப் பிறகு வேலைக்கு வர நினைக்கும் பெண்ணிடம், அவள் என்ன செய்வாள் என்று பார்ப்பதற்கு முன்பே விளம்பரத்தின் கடைசி வரியில் ஒரு வயது வரம்பு நிற்கிறது. பிள்ளை பெற்று வளர்த்த ஆண்டுகளை அந்த வரி கழித்துக்கொள்வதில்லை. பொதுவிதி வைப்பவருக்குச் சோதித்துப் பார்க்கும் வேலை மிச்சம். விதிக்கு உட்படுபவருக்கு ஆயுளில் ஒரு பங்கு நஷ்டம்.

தொடக்கக் கட்டளை வரியின் முடிவில் ஏசிபிஐ என்று எழுதி, சமக்குறி போட்டு, கட்டாயப்படுத்து என்று பொருள்படும் ஃபோர்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்க்க வேண்டும். அதற்கும் அடங்காத கணினிக்கு ஏசிபிஐயை முடக்கி, பழைய ஏபிஎம் வழியாக மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் வேறொரு சொல் உண்டு. எங்களுக்கு முதலாவதே போதுமானதாக இருந்தது. பிள்ளையே அடித்தாள். மறுபடி தொடங்கி, மூடச் சொன்னோம். எழுத்துகள் ஓடின. நின்றன. காற்றாடி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து பழக்கத்தில் எழுந்து வந்து பொத்தானுக்குக் கை நீட்டினார். "வேணாம் ஆயா, அதுவே படுத்துக்கிச்சு" என்றாள் பிள்ளை. அம்மா கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அதுக்காவது சொல்லிக் குடுத்தீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

*

அந்தப் பதிலை நான் நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஈடுபடுகிறவர்களே பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். இந்த எண்ணை வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள், தெரிந்த விஷயம் என்பதுபோல. மாணவர்களில் ஒருவனாவது, "அவங்களுக்கு அது பழகிடுச்சு மேம், சும்மா உக்காரச் சொன்னாலும் உக்கார மாட்டாங்க" என்பான். இது கணினியைத் திறக்காமல் தீர்ப்புச் சொன்னவரின் குரல். அவளுக்கு ஓயத் தெரியாது, அவள் அமைப்பு அப்படி.

நம்மில் சிலரும் இதே தவற்றை மறுபக்கத்திலிருந்து செய்கிறோம். உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள், ஓய்வெடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், மனதை அமைதியாக வைத்திருங்கள் என்று பெண்களுக்கான பக்கங்கள் அறிவுரை சொல்கின்றன. ஏடி வகைக் கணினியில் புது மென்பொருளை நிறுவுவதுபோல. அவளுக்குள் எவ்வளவு நல்ல சொல்லைப் போட்டாலும், அந்தச் சொல் போய்ச்சேர ஒயர் இல்லாத வீட்டில் அவள் எப்படி ஓய்வாள்? அமை என்ற ஒரே வேரிலிருந்துதான் அமைப்பும் வருகிறது, அமைதியும் வருகிறது. முதலாவதைத் தொடாமல் இரண்டாவதைக் கேட்கிறோம்.

பழுது இரண்டு வகை என்பதை அந்தப் பெட்டி எனக்குத் தெளிவாகக் காட்டியது. வழி இருந்தும் சொல் போகாதது ஒன்று. வழியே கட்டப்படாதது இன்னொன்று. முதலாவதற்கு அறிவும் துணிவும் போதும். இரண்டாவதற்குப் புதிதாகக் கட்ட வேண்டும், அதற்குச் செலவாகும், அதை யாராவது ஏற்க வேண்டும். இரண்டையும் குழப்பினால், முதலாவதில் வீணாக விதியை நோவோம். இரண்டாவதில் வீணாகப் பெண்ணைக் குறை சொல்வோம்.

அன்றிரவு அம்மாவிடம் கேட்டுக் கேட்டு, ஏழு மணிக்கு மேல் அவர் செய்கிற வேலைகளைக் கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதினேன். பாலுக்கு உறை ஊற்றுவது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றுவது. பாத்திரம் கவிழ்ப்பது. கோழி அடைப்பது. மாட்டுக்கு வைக்கோல் போடுவது. வாசல் கேட்டைப் பூட்டுவது. கேஸை மூடுவது. பாட்டிக்கு மாத்திரை. பாட்டியைப் புரட்டிப் படுக்க வைப்பது. ராத்திரியில் இரண்டு முறை எழுந்து பாட்டியின் துணி மாற்றுவது. பத்து. கணினியைக் குளிர வைப்பது பதினொன்றாக இருந்து, அன்றுதான் கழிந்திருந்தது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு பார்த்தபோது இன்னொன்று உறைத்தது. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வருவதால் அப்பா கொல்லைக்குப் போய் மோட்டார் போட வேண்டியிருக்கிறதே என்று இரண்டு வருடம் முன்பே ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டியிருந்தார்கள். கரண்டு வந்தால் மோட்டார் தானே ஓடும், போனால் நிற்கும். தேவையான செலவுதான், நான் குறை சொல்லவில்லை. அப்பாவின் ராத்திரித் தூக்கம் கெடுகிறது என்பதை அந்த வீடு கண்டிருக்கிறது, விலை விசாரித்திருக்கிறது, வாங்கியிருக்கிறது. அம்மாவின் பத்து வேலைகளைப் பார்த்து யாரும் எந்தக் கடையிலும் எதையும் விசாரிக்கவில்லை. அவை வேலைகளாகவே கண்ணில் படவில்லை.

*

கணினியின் வரலாற்றிலும் இந்தக் காணாமை உண்டு. 1946 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் எனியாக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். அப்போது கம்ப்யூட்டர் என்பதே கணக்குப் போடும் ஆட்களைக் குறிக்கும் வேலைப்பெயர். பீரங்கிக் குண்டின் பாதையைக் கையால் கணக்கிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். எனியாக்குக்கு நிரல் எழுதும் கையேடு எதுவும் இருக்கவில்லை. மின்சுற்று வரைபடங்களைப் படித்து, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று தாங்களே கண்டுபிடித்துச் செருகினார்கள். காட்சி நாளில் அவர்களை யாரென்று யாரும் அறிமுகப்படுத்தவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தப் பெயர்கள் வெளியே வந்தன.

எனியாக்கில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவை பெரும்பாலும் பழுதானது போடும்போதும் அணைக்கும்போதும்தான். அதனால் அதை அணைக்காமலே வைத்திருந்தார்கள். ஓயாமல் ஓடுவதுதான் பழுதில்லாமல் இருக்க வழி என்று ஓர் இயந்திரத்தைப் பற்றி முடிவுசெய்தது அந்தக் காலத்துக்குச் சரி. அதற்குப் பின் வந்தவர்கள் அதோடு விட்டுவிடவில்லை. அணைத்தால் கெடாத பாகங்களைச் செய்தார்கள், பச்சை ஒயரை இழுத்தார்கள், சொன்னால் அணைகிற மொழியை எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆட்கள், பணம், ஆண்டுகள். இயந்திரம் ஓய்வதற்கு இவ்வளவு செலவழிக்க உலகத்தால் முடிந்திருக்கிறது.

*

நாள்காட்டித் தாளில் இருந்த பத்தையும் இரண்டாகப் பிரித்தோம். முதல் ஏழும் வழி இருந்தும் சொல் போகாதவை. கை உள்ள யாரும் செய்யலாம். கோழி அடைப்பதையும் கேட்டைப் பூட்டுவதையும் அப்பா எடுத்துக்கொண்டார். சோற்றில் தண்ணீர் ஊற்றுவதையும் பாத்திரத்தையும் அண்ணனிடம் சொன்னேன். முதல் வாரம் அம்மாவே, "அவன் செஞ்சா எண்ணெப்பிசுக்கு போகாது" என்று திரும்பப் பிடுங்கிக்கொண்டார். அண்ணனுக்கு அது வசதியாக இருந்தது. பிசுக்கோடு இருக்கட்டும் அம்மா, நான்கு நாள் போனால் பழகிவிடும் என்று சொல்லிச் சொல்லித்தான் அது அவர் கைக்குத் திரும்பியது. ஒரு சொல்லைக் கட்டாயப்படுத்திச் சேர்க்க வேண்டியிருந்தது.

கடைசி மூன்றும் பாட்டியைச் சார்ந்தவை. அங்கே எங்களிடம் ஒயர் இல்லை. ஆண்கள் பாட்டிக்குத் துணி மாற்றுவதைப் பாட்டி ஏற்கவில்லை. ராத்திரிக்கு ஓர் ஆளை வைக்கப் பணம் இல்லை. படுக்கையில் கிடக்கும் முதியவரை ஒரு வாரமாவது விட்டுவைத்து வீட்டுப் பெண் தூங்கக்கூடிய இடம் எங்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. நான் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போய் முறை மாற்றினேன். அது போதாது என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். 2017இல் பாட்டி இறக்கும்வரை அந்த மூன்று வேலைகளும் அம்மாவிடமே இருந்தன. இதற்கு அம்மாவின் தியாக குணம் காரணம் இல்லை. அண்ணனின் கல்நெஞ்சும் முழுக் காரணம் இல்லை. கட்டப்படாத ஒன்று அது. அதை ஒரு வீடு தனியாகக் கட்டிவிட முடியாது.

அந்தக் கணினி 2018இல் நின்றது. மதர்போர்டின் கெப்பாசிட்டர்கள் உப்பிப்போயிருந்தன. அதற்குள் மூன்று பிள்ளைகளும் இரண்டு கைகளாலும் பார்க்காமல் தமிழ் அடிக்கக் கற்றிருந்தார்கள். பெட்டியைத் திறந்து ஊதா ஒயரையும் பச்சை ஒயரையும் விரல் வைத்துக் காட்டிய பிள்ளை கல்லூரிக்குப் போனாள். சேர்ந்த முதல் வாரத்திலேயே மடிக்கணினியை அண்ணனிடமிருந்து நிரந்தரமாக வாங்கிக்கொண்டாள். எப்படி என்று கேட்டேன். "கேட்டேன் அத்த, குடுத்துட்டான். இவ்ளோ நாளா நான் கேக்கவே இல்ல" என்றாள்.

உங்களைப் பற்றியோ உங்கள் அம்மாவைப் பற்றியோ, அமைப்பு அப்படி என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். ஒயர் இருக்கிறதா? இருந்தால், அதன் வழியே சொல்லிப் பார்த்தது யார்? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பெண்ணிடம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். வீட்டுக்கு வெளியே, பஞ்சாயத்தில், தேர்தலில், தெருவில் பேச வேண்டிய விஷயம் அது. ஆம் என்று வந்தால், பக்கத்தகட்டைக் கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். போனைச் சாரிடம் கொடுக்க வேண்டியதில்லை.